மாமா கவிழ்த்த கை

கைக்கு வந்த பதின்மூன்று ரம்மிச் சீட்டையும் விரித்து ஒருமுறை பார்ப்பார் எங்கள் தாய்மாமா. பிறகு ஒன்றாகச் சேர்த்து, முகம் கீழே இருக்கும்படி பாயில் வைத்து, "ஸ்கூட்" என்பார். இந்த ஆட்டத்துக்கு நான் வரவில்லை என்று அர்த்தம். அப்படி முதலிலேயே விலகினால் இருபது புள்ளி நஷ்டத்தோடு போகும். ஆடித் தோற்றால் எண்பது வரை ஏறும். மோசமான கையை யார் வேண்டுமானாலும் கவிழ்ப்பார்கள். மாமா நல்ல கையைக் கவிழ்ப்பார். புதுக்கோட்டையில் அவருடைய சிமெண்டுக் கடையின் பின்னறையில் ஞாயிறு மதியம் கூடும் ஆட்டக்காரர்கள், அவர் வெற்றிலை போட எழுந்ததும் அந்தச் சீட்டைப் புரட்டிப் பார்ப்பார்கள். ஒரே இனத்தில் வரிசையாக ரம்மி சேர்ந்திருக்கும், இரண்டு ஜோக்கர் இருக்கும். பைத்தியமா இந்த ஆளுக்கு என்று தலையில் அடித்துக்கொள்வார்கள். இரண்டே சுற்றில் எதிரில் இருப்பவர் ஆட்டத்தை முடித்துச் சீட்டை விரிக்கும்போதுதான் வாயை மூடுவார்கள்.

"நம்ம கையப் பாத்து ஆடக் கூடாது. எதுத்தாப்புல இருக்கவன் மூஞ்சியப் பாத்து ஆடணும்" என்று பெருமையாகச் சொல்வார். ஊரே அவரைக் கெட்டிக்காரர் என்றது. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், அக்காவுக்காக அவர் பேசப் போன நாள் வரைக்கும்.

அப்பா இல்லாத வீட்டில் பெண்ணுக்காகப் பேசுவது தாய்மாமன்தான். அதை யாரும் கேட்டுக் கொடுப்பதில்லை. அது அவருடைய உரிமை என்று எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். அக்காவைக் கட்டிக் கொடுத்தது விராலிமலைப் பக்கம். புருஷன் அடித்தான். உதடு கிழிந்து தையல் போடுகிற அளவுக்கு அடித்தான். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்து நின்றபோது கேட்டது ஒன்றே ஒன்றுதான்: திரும்ப அந்த வீட்டுக்குப் போக மாட்டேன், பேசி முடித்துவிடுங்கள்.

எல்லாம் எங்கள் பக்கம் இருந்தது. ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்தது. காயத்தின் போட்டோ இருந்தது. பக்கத்து வீட்டு டீச்சர், எந்தெந்த நாள் சத்தம் கேட்டது என்று தன் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். எல்லாவற்றையும் நான்தான் ஜெராக்ஸ் எடுத்து, தேதி வாரியாக அடுக்கி, ஒரு பழுப்புக் கவரில் போட்டு மாமா கையில் கொடுத்தேன். அப்போது எனக்கு இருபத்தொரு வயது. அந்தக் கவரின் கனத்தைப் பார்த்து, அக்கா தப்பித்துவிட்டாள் என்று நம்பினேன்.

மலையடிவாரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் பேச்சு. முகூர்த்தம் இல்லாத நாள். நீள மேஜைக்கு அந்தப் பக்கம் அக்காவின் மாமனார், இந்தப் பக்கம் மாமா. அக்காவும் அம்மாவும் மணமகள் அறையில் உட்கார்ந்திருந்தார்கள். காபி கொண்டுபோன நான் தம்ளர் எடுக்கிற சாக்கில் அங்கேயே நின்றேன். மாமா கவரை மேஜைமேல் வைத்தார், பிரிக்கவில்லை. மாமனார் மடியில் ஒரு நீல நிற பிளாஸ்டிக் ஃபைல். அதை அவரும் திறக்கவில்லை. காபியை ஆற்றி ஆற்றிக் குடித்தார். முகத்தில் ஒரு சலனம் இல்லை. மாமா அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்தப் பார்வை தெரியும். சிமெண்டுக் கடைப் பின்னறையில் பார்த்திருக்கிறேன்.

"சரிங்க சம்பந்தி, சின்னஞ்சிறுசுக. இன்னொரு தடவ அனுப்பி வைக்கிறோம். நீங்கதான் பாத்துக்கணும்" என்றார் மாமா. மாமனார் காபித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "சரிங்க" என்றார். அவ்வளவுதான் பேச்சு. அறையில் இருந்தவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அக்கா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மாமனார் வந்த காரிலேயே ஏறிப் போனாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் காலி தம்ளர்களோடு நின்றுகொண்டிருந்தேன்.

"ஃபைல மடியில வச்சுக்கிட்டுத் தொறக்கவே இல்ல பாத்தியா? அவன்கிட்ட முழுக்கை இருக்குத்தா. நம்ம புள்ள மேல என்னத்தையாச்சும் எழுதி வச்சிருப்பான். இருபதோட போகட்டும்னு வந்துரணும்" என்று வரும் வழியில் எனக்கு விளக்கம் சொன்னார். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டு வந்தாள்.

அங்கே போன ஐந்தாம் மாதம் புருஷன் விட்ட அறையில் அக்காவின் இடது காது போனது. சவ்வு கிழிந்து நரம்பும் கெட்டுவிட்டது, இனி கேட்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த முறை அவள் யாரையும் பேச அனுப்பவில்லை. பிள்ளையோடு பஸ் ஏறி வந்தாள், வீட்டில் கிடந்த அதே கவரை எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போனாள், விவாகரத்து வாங்கி விலகினாள். இப்போது மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். மாத்திரை கேட்டு வருகிறவர்களிடம் வலது காதைக் கொடுத்துப் பேசுகிறாள்.

சில வருடம் கழித்து கறம்பக்குடி பஸ்ஸில் அந்த வீட்டுப் பெண், அக்காவின் நாத்தனார், என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளாகவேதான் சொன்னாள். "அன்னைக்கு ஒங்க அக்காவையும் பாப்பாவையும் ஒங்ககிட்டயே விட்டுர்றதுன்னு முடிவு பண்ணித்தாங்க அப்பா வந்தாரு. போலீசுக்குப் போயிருவீங்கன்னு பயம். ஒங்க மாமா அனுப்புறேன்னு சொன்னதும் எங்களுக்கே ஒண்ணும் புரியல." அந்த நீல ஃபைல்? "அதுவா? நெலத்து ரசீது. அப்பா எங்கிட்டுப் போனாலும் அதத் தூக்கிக்கிட்டுத்தான் போவாரு."

நேராகச் சிமெண்டுக் கடைக்குப் போய் மாமாவிடம் சொன்னேன். முழுவதும் கேட்டார். பிறகு அவர் முகத்தில் நான் கண்டது வருத்தமில்லை, வியப்பு. "ஒண்ணுமில்லாமயா அம்புட்டு அமைதியா ஒக்காந்திருந்தான்? ஆட்டக்காரந்தான்யா!"

அந்த ஒரு வார்த்தையை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. தப்புக் கணக்கு யாருக்கும் வரும். ஆனால் பாயில் அவர் கவிழ்ப்பது அவர் கை. தோற்கிற இருபதும் அவருடையது. மண்டபத்தில் கவிழ்த்தது அக்காவின் கை. எப்போது விடவேண்டும் என்று தெரிந்தவர் என்று ஊர் இன்னும் அவரைப் புகழ்கிறது. யாருடையதை விடுகிறோம் என்று அவருக்குத் தெரியவே இல்லை. கவரைப் பிடுங்கி அந்த மேஜையில் கொட்டாமல் தம்ளர் பொறுக்கிய என் மேலும் எனக்குக் கோபம்தான். பழசை விடு என்கிறார்கள். விடச் சொல்கிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

போன ஞாயிறு மதியம் மாமா அக்கா வீட்டுக்கு வந்திருந்தார். வயதாகிவிட்டது, கடையை மகன் பார்க்கிறான், சீட்டுக்கு ஆள் சேர்வதில்லை. "ஒரு ஆட்டம் போடுவமாத்தா?" என்று அக்காவைக் கேட்டார். அவள் மறுக்கவில்லை. இரண்டு பேரும் பாயில் உட்கார்ந்தார்கள். நான் அவரைக்காய் அரிந்துகொண்டிருந்தேன். அக்கா தன் சீட்டை எடுத்துப் பார்த்தாள், காபியை ஆற்றி ஆற்றிக் குடித்தாள். மாமா அவள் முகத்தையே பார்த்தார். பிறகு தன் பதின்மூன்றையும் சேர்த்துக் கவிழ்த்து, "ஸ்கூட்" என்றார்.

அக்கா தன் சீட்டைக் கவிழ்த்துக் கீழே வைத்தாள். மாமாவுக்குப் பொறுக்கவில்லை, எட்டிப் புரட்டினார். ஒன்றோடொன்று ஒட்டாத பதின்மூன்று சீட்டு. ஒரு ஜோக்கர்கூட இல்லை.

"என்னத்தா, கையில ஒண்ணுமே இல்லையே!" என்றார்.

அவர் உட்கார்ந்திருந்தது அவளுக்கு இடது பக்கம். அக்கா மெதுவாகத் திரும்பினாள்.

"அந்தக் காது கேக்காது மாமா. இங்கிட்டு வந்து சொல்லுங்க."

மாமா எழுந்திருக்கவில்லை.