ஆலாக்கல்லில் கூப்பிட்ட பெயர்

கந்தோரில் யாராவது பேய்க் கதை தொடங்கினால் தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து போகிற ஆள் நான். முனி இருக்கிறது என்று ஊரே பயந்த புளியமரத்தடியில் சைக்கிளை நிறுத்திச் சிறுநீர் கழித்துவிட்டுப் போயிருக்கிறேன், ஒரு முனியும் வந்து ஏன் என்று கேட்கவில்லை. ஆகையால் இதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது. வரும், ஆனால் காட்டிக்கொள்ள மாட்டேன்.

எழுபதுகளின் தொடக்கம். நான் ஓர்ஸ் ஹில்லில் ஒரு கந்தோரில் எழுதுவினைஞன், இன்னும் கல்யாணம் ஆகவில்லை. கிண்ணியாவில் விஞ்ஞானம் படிப்பித்த நசீர் என் கூட்டாளி. அவனுக்குப் பறவைப் பைத்தியம். கொக்கு ஒன்றைக் கண்டால் நடுறோட்டில் சைக்கிளை விட்டுவிட்டு நிற்பான், பின்னால் பஸ் வந்து ஹோன் அடித்தாலும் அசைய மாட்டான். அந்தப் பைத்தியம் எனக்கும் தொற்றிவிட்டது. குச்சவெளிக்கு நேரே கடலில் ஆலாக்கல் என்று ஒரு பாறைத் தீவு இருக்கிறது. ஆலா என்பது கடலுக்கு மேலே பறந்து மீன் கொத்தித் தின்னும் வெள்ளைப் பறவை. ஆனி ஆடியில் அது கூடு கட்டாமல் வெறும் பாறையிலேயே முட்டை இடும். அதைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும் என்று நசீர் ஒற்றைக்காலில் நின்றான். கொழும்பில் பெரிய உத்தியோகத்தில் இருந்த அவனுடைய சிநேகிதர் ஒருவரும் வருவதாக ஏற்பாடு. ஆக மொத்தம் மூன்று பேர்.

படகில் காலைக்குச் சாப்பிட இடியப்பம் வேண்டுமென்று பூரணம் அக்காவிடம் சொன்னேன். எங்கள் குவாட்டர்ஸுக்குக் காலையில் இடியப்பம் கொண்டுவந்து தருகிறவர் அவர்தான். பிள்ளைகள் இல்லை, புருஷன் செத்த பிறகு தனியே இருந்தார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டார், ஆலாக்கல் என்றேன். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

அவருடைய புருஷன் தவராசா, நாகமணிச் சம்மாட்டியிடம் வேலை செய்தவர். வலையும் வள்ளமும் சொந்தமாக வைத்து ஆட்களை வேலைக்கு வைத்திருப்பவரை எங்கள் பக்கம் சம்மாட்டி என்போம். இன்னொருவனுடைய வலையை இரகசியமாக வெட்டிவிட்டது நாகமணிதான் என்று தவராசா ஊர்க் கூட்டத்தில் எழுந்து சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு ஒருநாள் ஆலா முட்டை பொறுக்க நாகமணி அவரை மட்டும் கூட்டிக்கொண்டு போனார், தனியே திரும்பி வந்தார். வரும் வழியில் தவராசா கடலில் தவறி விழுந்துவிட்டதாகச் சொன்னார். ஊரும் நம்பியது, அல்லது நம்பினதுபோல் இருந்தது. நாகமணியின் வள்ளத்தில்தானே பாதி ஊருக்கு வேலை.

பூரணம் அக்கா மட்டும் நம்பவில்லை. அந்தக் கல்லுக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. நடுவில் பாறை உயர்ந்திருப்பதால் ஒரு பக்கத்தில் நிற்கிறவனுக்கு மறுபக்கம் தெரியாது. அதனால் வள்ளத்தைத் திருப்புமுன் ஒவ்வொருவருடைய பெயரையும் சொல்லிக் கூப்பிட வேண்டும், அவனவன் ஓம் என்று பதில் சொல்ல வேண்டும். கூப்பிடாமல் வள்ளம் திருப்புகிறவனை எங்கள் கரையில் மனிசன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

“அவரை ஒருத்தரும் கூப்பிடேல்லை தம்பி. தண்ணியில்லாமல் அந்தக் கல்லிலதான் கிடந்து செத்திருப்பார்” என்றார். “நீங்கள் திரும்பேக்க ஒருக்கா அவற்ற பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கோ. வேறொண்டும் வேண்டாம்.”

அவர் அழவில்லை. அழுதிருந்தால் ஆறுதல் சொல்லிவிட்டு மறந்திருப்பேன். கண்ணில் பச்சை வன்மம். கூப்பிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன், நாகமணியின் வள்ளத்தில் மட்டும் கால் வைப்பதில்லை என்று மனதுக்குள் சத்தியமும் செய்தேன். நசீரின் உறவுக்காரர் ஒருவருடைய எஞ்சின் படகைப் பேசி முடித்தோம்.

புறப்படும் நாள் கிட்டியதும் அந்தப் படகுக்காரரிடம் போனால், அவர் படகை இலங்கைத்துறைக்கு ஒரு சாமான் ஏற்ற விட்டுவிட்டாராம். உங்கட ஆள்தானே வந்து வேண்டாமெண்டு சொன்னது என்று எங்களிலேயே பாய்ந்தார். எந்த ஆள் என்று கேட்டோம். மெலிந்த ஆள், உதடு இரண்டும் வெடித்துப் பிளந்திருந்ததாம். வந்தவன் தண்ணீர் கேட்டுக் குடித்தானாம், குடிக்கத் தொடங்கியவன் குடத்தைக் கவிழ்த்துவிட்டுத்தான் ஓய்ந்தானாம்.

நசீர்தான் யாரையோ அனுப்பி உளறிவிட்டான் என்று நான் அவனோடு சண்டை பிடித்தேன். அவன் பள்ளிவாசல் பக்கம் கைகாட்டிச் சத்தியம் பண்ணினான். சரியென்று மத்தியானத்துக்குப் பாண் சொல்லிவைத்திருந்த பேக்கரிக்குப் போனோம். படகு ஓட்டுகிறவன் சோறு கட்டிக்கொண்டு வருவான் என்பதால் மூன்று பேருக்கு என்று நான் சொன்னதை யாரோ வந்து நாலு பேருக்கு என்று மாற்றியிருந்தார்கள். ஆள் எப்படி என்று கேட்டேன். பேக்கரிக்காரர் மா பிசையும் தொட்டியைக் காட்டிச் சொன்னார், “அதுக்கு வைச்ச தண்ணி முழுக்கக் குடிச்சிட்டுப் போறான், பாவம், எங்க வேலை செய்யிறானோ.” நம்பினால் நம்புங்கள், அப்போதும் எனக்கு வந்தது பயமில்லை, எரிச்சல்தான்.

அந்தக் கிழமை கரையில் வேறு படகு ஒன்றும் அகப்படவில்லை. நான் கந்தோரில் இருந்த நேரம் நசீர் அலைந்து திரிந்து, பழைய கதை தெரியாமல், நாகமணியின் வள்ளத்தைப் பேசிவிட்டு வந்து நின்றான். நன்றாக ஏசினேன். ஏசி என்ன, கொழும்புக்காரர் ரயில் ஏறிவிட்டார். நாகமணி வரப்போவதில்லை, அவருடைய ஓட்டிதான் வருவான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

காலையில் கரைக்குப் போனால் ஓட்டியைக் காணவில்லை. பயணம் தள்ளிப்போட்டாயிற்று என்று யாரோ சொன்னதைக் கேட்டு அவன் புல்மோட்டைக்குப் பஸ் ஏறிவிட்டான் என்று அவன் பெண்சாதி சொன்னாள். உத்தியோகத்தர் என்றால் வளைந்து நெளிகிற நாகமணி, கொழும்புக்காரருக்குக் கும்பிடு போட வந்து நின்றார். அந்தப் பெரிய மனுசன் கழுத்தில் பைனாகுலரைத் தொங்கவிட்டுக்கொண்டு, அப்ப நீங்களே ஓட்டுங்களேன் என்று சிரித்தபடி சொன்னார். நாகமணியின் முகம் சாம்பலானது. ஏலாது என்று சொல்ல வாய் வரவில்லை, ஏறிச் சுக்கானைப் பிடித்தார். நாலு பேருக்குப் பாண். அப்போதுதான் எனக்கு முதுகில் ஏதோ ஊர்ந்தது.

கடல் தகடு போலக் கிடந்தது. ஆலாக்கல்லில் கால் வைக்க இடமில்லை, எங்கே பார்த்தாலும் முட்டையும் குஞ்சும். தலைக்கு மேலே நூற்றுக்கணக்கில் ஆலாக்கள் கத்திக்கொண்டு வந்து மண்டையில் கொத்தின. நசீர் துவாயைத் தலையில் கட்டிக்கொண்டு பெருநாளுக்கு உடுப்பு வாங்கின பிள்ளைபோலத் திரிந்தான். நான் பறவை பார்க்கவில்லை, நாகமணியைத்தான் பார்த்தேன். அவர் இறங்கவே இல்லை. வள்ளத்தில் பாறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குந்தியிருந்தார். பாணை நீட்டினேன், வேண்டாமென்று தலையசைத்தார்.

பின்நேரம் மூவரும் வள்ளத்தில் ஏறினோம். நாகமணி ஒருவரையும் கூப்பிடாமல் எஞ்சின் கயிற்றில் கை வைத்தார். நான் எழுந்து நின்று, பாறையைப் பார்த்து, அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டேன்.

“தவராசா!”

அத்தனை ஆலாக்களும் சட்டென்று வாயை மூடின. பாறைக்கு மறுபக்கத்திலிருந்து, தொண்டை வறண்ட ஒரு குரல் வந்தது.

“ஓம். நிக்கிறன்.”

நசீருக்கும் அது கேட்டது. கொழும்புக்காரருக்கும் கேட்டது, யாரோ நிற்கிறார்களே என்று அவர் எழுந்தார். நாகமணி எங்களைப் பார்க்கவில்லை. தனக்குத்தானே சொல்வதுபோல மெல்லச் சொன்னார், “அண்டைக்கும் உந்தப் பக்கத்திலதான் நிண்டு கத்தினவன்.”

கடலில் விழுந்த ஆள் பாறையில் நின்று எப்படிக் கத்துவான்? அந்தக் கேள்வியை நான் கேட்கவேண்டி வரவில்லை. அவர் சுக்கானை விட்டுவிட்டு இறங்கினார். நசீர் சட்டையைப் பிடித்தான், சட்டை கிழிந்து துண்டு கையோடு வந்தது. முட்டைகளை மிதித்துக்கொண்டு பாறையைச் சுற்றி மறுபக்கம் போனார். போனவர்தான்.

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சம்மாட்டியார் என்று கூப்பிட்டேன். ஓம் என்றார். அவருடைய குரல்தான். மறுபக்கம் போய்ப் பார்த்தோம், யாரும் இல்லை. திரும்பவும் கூப்பிட்டோம், ஓம் என்ற சத்தம் இப்போது நாங்கள் விட்டுவந்த பக்கத்திலிருந்து வந்தது. ஒரு சின்ன வீட்டு வளவு அளவுள்ள பாறை ஐயா அது, ஒளிய ஒரு பொந்து கிடையாது. சுற்றிச் சுற்றி வந்தோம், அவரும் ஓம் ஓம் என்று பதில் சொல்லிக்கொண்டே இருந்தார். குரலில் அழுகை ஏறிக்கொண்டு வந்தது. காற்றுத் திரும்பி அலை எழும்பத் தொடங்கியதும் கொழும்புக்காரர் நடுங்கிப்போய், போவோம் போவோம் என்று கெஞ்சினார். நசீர் படகோடு வளர்ந்தவன், அவன்தான் எஞ்சினை இழுத்தான்.

பதில் சொல்கிற மனுசனை விட்டுவிட்டு வள்ளம் திருப்பினோம். பாவம் என்று எனக்குத் தோன்றவில்லை. கத்து, நன்றாகக் கத்து என்றுதான் மனம் சொன்னது. இன்றைக்கும் அதை நான் மாற்றிச் சொல்ல மாட்டேன். வினை விதைத்தவன் வினை அறுத்தான். ஆனால் கரை தெரிகிற தூரம் வந்த பிறகும் அந்த ஓம் கொஞ்சமும் தூரமாகவில்லை, வள்ளத்துக்குப் பக்கத்தில் கேட்பதுபோலவே கேட்டது.

பொலிசிலே சொன்னோம். அடுத்த நாள் கரையாட்களும் பொலிசும் போய்ப் பாறையிலும் கடலிலும் தேடினார்கள், ஒரு எலும்பும் அகப்படவில்லை. வழுக்கி விழுந்திருப்பார் என்று எழுதி முடித்தார்கள். இவ்வளவையும் நீங்கள் வெயில், பசி, பிரமை என்று சொல்லித் தள்ளிவிடலாம், நானும் சில நாட்களில் அப்படித்தான் சொல்லிக்கொள்வேன்.

அப்படித் தள்ளிவிட ஏலாமல் இருப்பது இதுதான். கரைக்கு வந்த அன்று மாலை விளக்கு வைக்கிற நேரம், நானும் நசீரும் பொலிசிலிருந்து நேரே பூரணம் அக்காவின் வீட்டுக்குப் போனோம். கூப்பிட்டேன், பதில் வந்தது என்று சொல்ல வேண்டும். படலையைத் திறந்ததும் அவர் வாசலுக்கு ஓடிவந்து, வாயில் விரலை வைத்தார். தலை வாரி, பூ வைத்திருந்தார்.

“மெல்லக் கதையுங்கோ தம்பி” என்றார். “களைச்சு வந்தவர், இப்பதான் நித்திரை கொள்ளுறார்.”

அறைக் கதவு ஒருக்களித்துச் சாத்தியிருந்தது. உள்ளே விளக்கு இல்லை. நான் எட்டிப் பார்க்கவில்லை, நசீரும் பார்க்கவில்லை. ஆனால் இரண்டு பேரும் கேட்டோம். ஓர் ஆண்பிள்ளை அயர்ந்து தூங்குகிற குறட்டை. இடையில் நின்றது, ஓர் இருமல், பிறகு பாயில் புரண்டு படுக்கிற சரசரப்பு.