லாரிக்கு அடியில் இரண்டு கால்கள்

சிராங்கூன் ரோட்டில் சிக்னல் பச்சையாகியும் எங்கள் லாரி நகரவில்லை. கியரைத் தள்ளினால் அடியில் இரும்பும் இரும்பும் அரைபடுகிற சத்தம் வருகிறதே தவிர, வண்டி அசையமாட்டேன் என்கிறது. பின்னால் நின்ற பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் எங்களையே பார்ப்பதுபோல் இருந்தது. எனக்கு அந்த வெட்கம்கூட அப்புறம்தான் வந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்தது என் வீட்டுக்காரரின் முகத்தை. வியர்க்கிறதா, கை நெஞ்சுக்குப் போகிறதா என்று. நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு அவர் இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். பாரம் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அன்றிலிருந்து அந்த முகத்தைப் பார்ப்பதே எனக்கு உத்தியோகம்.

எங்களுக்கு விருந்துச் சமையல் தொழில். தேக்கா மார்க்கெட்டுக்குப் பின்னால் சமையல்கூடம், செங்காங்கில் வீடு, இரண்டுக்கும் நடுவில் இந்த லாரி. அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாண வலிமா விருந்துக்கு பிரியாணி ஏற்கெனவே பேசியாகிவிட்டது. ஒர்க்‌ஷாப்பில் கியர்பாக்ஸ் போய்விட்டது, பழையது ஒன்று வாங்கி மாற்றலாம், ஆனால் அடுத்த வாரம்தான் முடியும் என்றார்கள். ஒரு நாளைக்கு வாடகை லாரி எடுத்தால் என்ன என்று கேட்டேன். குதித்தார்.

"வாடகை லாரில சட்டியக் கட்ட வளையம் இருக்கா? ஒரு பிரேக் புடிச்சா மொத்தச் சோறும் ரோட்ல கிடக்கும். நானே மாத்திடுறேன். ஸ்க்ரூவக் கழட்டி மாட்டறதுதானே லா."

வளையம் ஒரு சாக்கு. உண்மை வேறு. ஸ்டென்ட் வைத்த பிறகு மகன் சட்டியைத் தொடவிடுவதில்லை, கூடத்தில் வேலை செய்கிறவர்கள் கையில் இருப்பதை வாங்கிக்கொள்கிறார்கள், நான் உப்பைக் குறைத்துவிட்டேன். மனிதருக்குத் தான் இன்னும் இருக்கிறோம் என்று யாருக்காவது காட்ட வேண்டியிருந்தது. அதற்கு அகப்பட்டது ஒரு கியர்பாக்ஸ்.

எங்கள் அடுக்குமாடி வீட்டின் கார்பார்க்கில் இந்த வேலை நடக்காது. சாங்கி பக்கம் என் மைனிக்கு, அதாவது அவருடைய அக்காவுக்கு, முன்வாசல் உள்ள பழைய தரைவீடு. டோ வண்டி வைத்து லாரியை இழுத்து அங்கே கொண்டுபோய் நிறுத்தினார்கள். மைனியின் கணவர் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை தெரியும், ஆனால் தோள்பட்டை ஆபரேஷனுக்குப் பிறகு வலது கை மேலே போகாது. ஆக, அவர் பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து சொல்லுவார், இவர் அடியில் படுத்துச் செய்வார். ஒருவருக்குத் தோள் இல்லை, ஒருவருக்கு நெஞ்சு இல்லை. நல்ல ஜோடி.

சனிக்கிழமை மதியம் லுஹர் தொழுகை முடிந்ததும் அட்டைப்பெட்டியை விரித்து உள்ளே போய்விட்டார். லாரியின் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்திருந்தது எங்கள் அடுப்புக் கற்கள்தான். ஜாக்கின் தட்டில் கியர்பாக்ஸ் உருளாமல் இருக்க, சட்டி வைக்கிற பிரிமணையைப் போட்டு அதன்மேல் உட்கார வைத்தார்கள். சமையல்காரன் கையில் லாரி அகப்பட்டால் அதையும் அடுப்பில் ஏற்றத்தான் பார்ப்பான் என்று மைனி சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெளியில் தெரிந்தது அவருடைய இரண்டு கால்கள் மட்டும். முழங்காலுக்கு மேல் ஆள் இல்லை, எல்லாம் இரும்பு.

நான் அந்தக் கால் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். விரல் ஆடினால் மூச்சு விடுவேன். கொஞ்ச நேரம் ஆடவில்லை என்றால் குனிந்து பார்ப்பேன். உடனே ஏதாவது கேட்பேன்.

"என்னங்க, தண்ணி வேணுமா?"

"வேணாம்."

"விளக்கு நல்லாத் தெரியுதா?"

"தெரியுது லா!"

"நெஞ்சு ஒண்ணும் பண்ணலியே?"

"நீ கேக்குறதுலதான் பண்ணுது! உள்ள போயி டீ போடேன். பதறாத காரியம் சிதறாது."

பதறுவதற்கு வீட்டில் ஒருத்தியை வைத்துக்கொண்டு, பதறாமல் இருப்பது எத்தனை சுலபம். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. தலைக்கு மேல் விமானம் ஒன்று தாழ்வாகப் போனால் அந்த இரைச்சலில் அவர் குரல் கேட்காது. அது போய்த் தொலைகிற வரைக்கும் யா அல்லா, யா அல்லா என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டிருப்பேன்.

பழைய கியர்பாக்ஸ் இறங்கியது. கையோடு மாற்றிவிடலாம் என்று வாங்கியிருந்த புது கிளட்ச் பிளேட்டைப் பொருத்தினார். வாங்கி வந்த கியர்பாக்ஸை ஜாக்கில் ஏற்றி, மேலே தள்ளி, அதன் தண்டை கிளட்ச் பிளேட்டின் நடு ஓட்டைக்குள் நுழைக்க இரண்டு பேரும் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. கடைசியில் டக்கென்று உட்கார்ந்தது. வெளியே வந்தபோது அவர் முகம் கறுத்திருந்தது. ஆனால் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை மாதமாகிவிட்டது என்று அப்போதுதான் உறைத்தது. திட்டுவதற்கு எடுத்து வைத்திருந்ததை எல்லாம் விழுங்கிக்கொண்டேன்.

லாரியில் ஏறி எஞ்சினைப் போட்டார். கியர் வெண்ணெய்போல் விழுந்தது. கிளட்சை விட்டார். எஞ்சின் உறுமுகிறது, வண்டி நொண்டிக்கொண்டு ஓரடி நகர்ந்து நின்றுவிட்டது. இன்னும் மிதித்தார். உறுமல் கூடியது, வண்டி கூடவில்லை. அப்போது ஒரு வாசம் கிளம்பியது. கருகல் நெடிக்கு நடுவே, நன்றாகத் தெரிந்த வாசம். மைனி அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

நெய்ச்சோறு.

மைனியின் கணவர் முக்காலியை விட்டு எழுந்தார். "மாப்ளே, பிளேட்ட எதால தொடச்சே?"

இவர் லாரியை விட்டு இறங்கிப் போய், ஜாக்கின் கைப்பிடியில் தொங்கிய துணியை எடுத்து வந்தார். தம் போடும்போது சட்டியின் வாயைச் சுற்றிக் கட்டுகிற வெள்ளைத் துணி. இருப்பதிலேயே சுத்தமான துணி என்று எடுத்திருக்கிறார். எங்களுக்கு அது சுத்தம்தான், கொதிக்கிற நீரில் அலசிக் காயப்போட்டதுதான். ஆனால் எத்தனை அலசினாலும் அந்த நூலை விட்டு நெய் போகாது. கிளட்ச் பிளேட்டையும், அது ஒட்டிச் சுழல்கிற இரும்புத் தட்டையும் அதனால் அழுத்தி அழுத்தித் துடைத்திருக்கிறார். எண்ணெய்ப் பிசுக்கு பட்டாலே பிளேட் வழுக்கும். இது நெய்.

"நல்லாத்தான் தம் போட்டிருக்கே மாப்ளே" என்றார் மைனியின் கணவர். "எறக்கு. பழைய பிளேட்டையே போடு. தேஞ்சிருந்தாலும் நாளைக்குத் தாங்கும்."

யாரும் சிரிக்கவில்லை. எல்லாவற்றையும் திரும்பக் கழற்ற வேண்டும். அவர் அட்டையில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழவுமில்லை, படுக்கவுமில்லை. நெற்றியில் முத்து முத்தாக வியர்வை. வலது கை மெல்ல மேலே வந்து சட்டைப் பொத்தானைத் தொட்டது. நான் மாதக்கணக்காகக் காத்திருந்த அந்தக் கை.

"வலிக்குதா?"

"இல்ல. அசதி."

"பொய் சொல்லாதீங்க."

"சத்தியமா வலி இல்ல. களைச்சுப் போச்சு. முடியல." கடைசி வார்த்தையைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.

அந்த மனிதர் வாயிலிருந்து 'முடியல' என்று நான் கேட்டதில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில்கூடச் சொல்லவில்லை. நாடியைப் பிடித்துப் பார்த்தேன், தண்ணீர் கொடுத்தேன், காற்றாடியை அவர் பக்கம் திருப்பினேன். நாளைக்கு விருந்து வேண்டாம் என்று போன் போட்டுச் சொல்லிவிடலாம் என்றேன். கூடாது என்று தலையை ஆட்டினார். முகம் மெல்லத் தெளிந்தது. ஆனால் கண் லாரியை விட்டு வரவில்லை. கொஞ்ச நேரத்தில் அவருடைய கை ஸ்பேனரைத் தேடுவதைப் பார்த்தேன்.

எனக்கு எங்கிருந்து அத்தனை கோபம் வந்தது என்று தெரியவில்லை. ஸ்பேனரைப் பிடுங்கினேன். தலையில் சுற்றியிருந்த துடோங் நுனியை இறுக்கிச் செருகினேன்.

"அண்ணே, எந்த ஸ்க்ரூ முதல்லன்னு சொல்லுங்க" என்று மைனியின் கணவரிடம் கேட்டேன்.

"ஏய், உனக்கென்ன தெரியும்? ஆழம் தெரியாம கால விடாதே" என்றார் என் வீட்டுக்காரர்.

"உங்களுக்கு என்ன தெரிஞ்சுது? நெய் தெரிஞ்சுது. தள்ளுங்க."

அடியில் போனேன். மேலே இரும்பு, முகத்தில் சொட்டுகிற எண்ணெய், சூடு. பயந்து செத்துவிடுவேன் என்றுதான் நினைத்தேன். ஆச்சரியம், பயமே இல்லை. "இடது பக்கம், மேல உள்ளது, கெட்டியா இருக்கும்" என்று அண்ணன் சொல்லச் சொல்ல, எனக்கு அந்த ஸ்க்ரூவைத் தவிர உலகத்தில் வேறு ஒன்றும் இல்லை. அண்ணன் நல்ல கையால் ஜாக்கை இறக்கினார். பெயிண்ட் தின்னர் ஊற்றி அந்த இரும்புத் தட்டை வழித்துத் துடைத்தேன், காகிதத்தால். பழைய பிளேட் ஏறியது. கியர்பாக்ஸ் மறுபடி பிரிமணையில் உட்கார்ந்து மேலே வந்தது. விரல் வலித்தது, வியர்வை கண்ணில் இறங்கியது, வெளியே என்ன நடக்கிறது என்று நினைக்கவே நேரமில்லை. மறுநாள் அந்த லாரிதான் வலிமாவுக்குப் போனது. மகன் ஓட்டினான்.

அதற்கு முந்தி, அந்தச் சனிக்கிழமை, தண்டு ஓட்டைக்குள் நுழைகிற நேரம். மூச்சைப் பிடித்துக்கொண்டு, உடம்பை அசைக்காமல், கியர்பாக்ஸைத் தாங்கி ஒரு மயிரிழை திருப்புகிறேன். கால்மாட்டில் என் வீட்டுக்காரர் குரல் கேட்டது.

"தண்ணி வேணுமா?"

"வேணாம்."

"விளக்கு தெரியுதா?"

"தெரியுது, சும்மா இருங்களேன்!"

விமானம் ஒன்று வீட்டுக்கு மேல் போனது. அது போன பிறகும் அவர் அந்த இடத்தை விட்டு நகரவில்லை, செருப்பு தெரிந்தது. சரியாக என் கால்களுக்கு எதிரே நின்றது.

தண்டு உட்காரட்டும் என்று நான் காத்திருக்கவில்லை. இரண்டு கால் விரல்களையும் நன்றாகத் தெரியும்படி ஆட்டினேன்.