ரூபன் சொன்ன முடிவு

போன ஞாயிறு மத்தியானம் டிவியில் அந்தப் படம் போட்டார்கள். மூன்று மாயவித்தைக்காரர்கள் மேடையில் வித்தை காட்டிக்கொண்டே பக்கத்து வங்கியைக் கொள்ளையடிப்பார்களே, அதுதான். எனக்கு உடனே பற்பசை மணத்தது. சிரிக்காதீர்கள். கொழும்பில், வெள்ளவத்தையில் கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில், டிவிடி வாடகைக்குக் கொடுக்கும் கடையில் நான் வேலை பார்த்தேன். கீறல் விழுந்த டிஸ்க்கைப் பற்பசை போட்டுத்தான் தேய்ப்போம். ஐந்து வருடம் என் விரல்களில் அந்த மணம் போகவில்லை.

தேய்ப்பது நான். வருகிறவர்களுக்குப் படக்கதை சொல்வது கூட வேலை பார்த்த ரூபன். கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் பிடித்து வந்து நான் கடையைத் திறப்பேன். அவன் முகத்துவாரத்திலிருந்து ஆடி அசைந்து வருவான். வருகிற சனமோ, "ரூபன் இல்லையோ?" என்றுதான் கேட்கும். எதிரே ஒரு மனிதன் நிற்கிறேனே!

சாந்தினி மிஸ்ஸும் அப்படித்தான் கேட்பாள். பக்கத்துத் தெருவில் டியூஷன் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் வருகிற சனிக்கிழமைக்காகவே நான் நல்ல சட்டை ஒன்று ஒதுக்கி வைத்திருந்தேன். ஒரு சனிக்கிழமை ரூபன் வரப் பிந்திவிட்டது.

"இந்தப் படம் எப்பிடி?" என்று அதே படத்தின் டிஸ்க்கைக் காட்டி என்னைக் கேட்டாள். என்னை!

பெரிய நீதவான் மாதிரி நிறைகுறை சொன்னேன். முதல் ஒரு மணித்தியாலம் கண்ணை எடுக்க முடியாது. சீட்டு வித்தை காட்டுகிற கிழவனின் கைகள் அபாரம். ஆனால் அகப்பட்டுவிடுவார்களோ என்ற பயமே வராது, ஒருவரும் எதையும் இழப்பதில்லை. கடைசியில் எல்லாம் முன்பே போட்ட திட்டமென்று கால் மணித்தியாலம் விளக்கம் வேறு. வித்தையை விளக்கினால் பிறகு என்ன மிஞ்சும்? இன்றைக்கும் என் கட்சி அதுதான்.

அவள் டிஸ்க்கைத் திருப்பி வைக்கப் போனாள். அந்த நேரம் பார்த்து ரூபன் நுழைந்தான்.

"மிஸ், கடைசி சீனைப் பாருங்கோ! மேடையில மறைச்ச பொம்பிளைப்பிள்ளை உண்மையாவே காணாமல் போயிடுவா. காசு மூட்டை ஒரு பக்கம் கிடக்குது. மூண்டு பேரும் பெட்டியைத் திறந்து திறந்து பாக்கிறாங்கள். ஆள் இல்லை!"

அவள் கொண்டுபோய்விட்டாள்.

படத்தில் அப்படி ஒரு சீனே கிடையாது. பயல் படத்தையே பார்க்கவில்லை, அட்டையைப் பார்த்து அவிழ்த்துவிட்டது. திங்கட்கிழமை வசமாக மாட்டுவான் என்று காத்திருந்தேன். வந்தாள்.

"கடைசி சீன் வெட்டுப்பட்டிருக்கு. வேற கொப்பி இருக்கோ?"

ரூபன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "மச்சான், நீ தேய்ச்ச தேய்ப்பில அழிஞ்சு போச்சு போல."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. உண்மையைச் சொல்லத் திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

ரூபன் கனடா போய்விட்டான். அவன் நம்பர்கூட ஒருவரிடமும் இல்லை. கடை இருந்த இடத்தில் போன் கவர் விற்கிறார்கள். சாந்தினியைக் கட்டியது நான். ஆக, வென்றது நான்தானே என்பீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை படம் முடிந்ததும் அவள் முகத்தைச் சுளித்தாள். "இதென்னப்பா முடிவு? அந்த ரூபன் ஒண்டு புளுகினவனெல்லோ, அதுதான் வடிவு. என்ன சொன்னவன்? உங்களுக்கு ஞாபகம் இருக்கோ?"

ஒரு சொல் விடாமல் ஞாபகம் இருக்கிறது. உங்களுக்கே சொல்லிவிட்டேன், பார்த்தீர்களா?

"மறந்துபோச்சு" என்றேன்.

"எனக்கும் வருகுதில்லை" என்றாள். டிவியை நிறுத்திவிட்டு, அந்தக் கறுத்த திரையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.