பழைய எண்ணில் வந்தவள்

பட்டுக்கடை தணிகாசலம் முதலாளிக்குத் திடீரென்று ஞானோதயம் பிறந்தது. கடையின் இணையதளத்தில் ஒவ்வொரு புடவைப் பக்கத்தின் முகவரியும் கேள்விக்குறியும் எண்ணுமாக இருப்பது அவர் கண்ணை உறுத்திற்று.

"ஜெயில் கைதியாட்டம் நம்பர் போட்டு வெச்சுக்கினு இருக்கியேமா! ஒவ்வொண்ணுத்துக்கும் அழகா ஒரு பேர் வை" என்றார்.

சொல்வதற்கு என்ன, வாய் வலிக்கவா போகிறது? எந்த முகவரியைக் கேட்டால் எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்ற ரூட் விதிகளை ஒன்று விடாமல் திருத்தி எழுதியவள், கடையின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்ளும் கீர்த்தி.

எழுதும்போதெல்லாம் அவள் நினைப்பு ஒரு அரக்குப் புடவை மேல்தான். தங்கை சந்தியாவின் கல்யாணத்துக்கென்று அப்பா சபாபதி நெய்தது. சந்தியாவோ தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு புனேவுக்குப் போய்விட்டாள். அப்பா புடவையைக் கடையில் விலைக்குப் போட்டார். அன்றிலிருந்து அவள் பேரை வீட்டில் யாரும் எடுப்பதில்லை. கீர்த்தி மட்டும் யாருக்கும் தெரியாமல் அந்தப் பக்கத்தின் முகவரியைத் தங்கைக்கு அனுப்பினாள். பதில் வரவில்லை. பிறகு சந்தியாவின் போன் நம்பரும் மாறிவிட்டது.

புடவை விற்றுப்போய், கடைப் பட்டியலிலிருந்தும் எடுத்தாயிற்று. ஆனால் பக்கம் இருந்தது. பழைய எண் தெரியாத எவரும் போக முடியாத அந்தப் பக்கத்தை, நாள் கிழமை வந்தால் புனேவிலிருந்து யாரோ திறந்து பார்ப்பதாகத் தளத்தின் வருகைப் பதிவு காட்டும். யாரோவா? அக்காவுக்குத் தெரியாதா!

புது விதிகள் தளத்தில் ஏறிப் பழைய எண்கள் செல்லாமல் போன அன்று பங்குனி உத்திரம். கடையில் நிற்க இடமில்லை. அந்த ஒரு எண்ணுக்குத் தனி வழி போட வேண்டுமென்று நினைத்திருந்தவள், கூட்டத்தில் மறந்தே போனாள். சாயங்காலம்தான் வருகைப் பதிவைத் திறந்து பார்த்தாள். புனேவிலிருந்து பழைய எண்ணைக் கேட்டிருக்கிறார்கள். 'பக்கம் இல்லை' என்று பதில் போயிருக்கிறது. திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டு, அப்புறம் நிறுத்திவிட்டார்கள்.

கீர்த்திக்குத் தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். தறியில் உட்கார்ந்திருந்தவரின் கை நின்றது.

"இன்னும் அதப் பாத்துக்கினா இருக்குறா?"

"இன்னைக்குப் பாக்க முடியாம நான் பண்ணிட்டேன்பா. திரும்பத் தொறக்கணும்னா அந்தப் புடவைக்கு ஒரு பேர் வேணும்."

சபாபதி தறியை விட்டு எழுந்து வந்தார்.

"சந்தியான்னு போடு."

அப்பா வாயிலிருந்து அந்தப் பேரைக் கேட்டு எவ்வளவு காலமாகிவிட்டது! அழுதபடியே கீர்த்தி புது வழியை எழுதினாள். பழைய எண்ணைக் கேட்டு யார் வந்தாலும் இனி அந்தப் புடவைக்குத்தான் போவார்கள். திரையின் உச்சியில், முகவரியில், சந்தியா என்று இருக்கும். கணினி விதிகளை மேலிருந்து படித்து, பொருந்தும் முதல் விதியிலேயே நின்றுவிடும்; பழைய எண்களுக்கெல்லாம் 'பக்கம் இல்லை' என்று சொல்லும் பொது விதிக்குக் கீழே இதை வைத்தால் இதுவரை வராது. அதனால் எல்லாவற்றுக்கும் மேலே வைத்தாள்.

வருஷப் பிறப்பு போயிற்று. வைகாசிக் கருட சேவையும் போயிற்று. இப்போதெல்லாம் கீர்த்தி செருப்பைக் கழற்றுவதற்குள் அப்பா வாசலுக்கு வந்துவிடுகிறார்.

"இன்னைக்கு வந்தாளாம்மா?"

"இல்லப்பா."

"பேரு நல்லாத் தெரியுற மாதிரிதான வெச்சிருக்க?"

"தெரியுதுபா."

"ஆடிக் கிருத்திகை வருதுல்ல. அன்னைக்கு வருவா."