கணக்கில் வராத கன்று

மூன்று. இந்த எண்ணை மனதில் வையுங்கள். நாம்சென் ஆற்றின் மேல்கரைக் காட்டில் டோர்குன்னின் வேட்டைக்குழுவுக்கு அந்த ஆண்டு சுடுவதற்கு ஊராட்சி கொடுத்த எல்க் மான்கள் மூன்று: ஓர் ஆண், ஒரு பெண், ஒரு கன்று. அனுமதிச் சீட்டில் கையெழுத்து டோர்குன்னுடையது.

டோர்குன்னுக்கு ஐம்பத்து நான்கு வயது. பால் லாரி ஓட்டுகிறாள். குழுவுக்குத் தலைவியாகி எட்டு வருஷம். அதற்கு முன் அந்தக் குழுவில் பெண்களுக்கு இருந்த வேலை காபி போடுவது. இரண்டு வருஷத்துக்கு முன் ஹால்ஃப்டான் என்பவன் கன்று என்று நினைத்து, சீட்டில் இல்லாத ஒரு வயது மானைச் சுட்டுவிட்டான். மறைக்கலாம் என்றார்கள். அவள் விடவில்லை. அவன் கையாலேயே எழுதிக் கொடுக்க வைத்தாள். இறைச்சி ஊராட்சிக்குப் போனது. ஹால்ஃப்டான் குழுவை விட்டே போனான். இன்றுவரை அவளோடு பேசுவதில்லை.

அக்டோபர் முதல் சனிக்கிழமை. ஆண் மான் முந்தின வாரமே விழுந்துவிட்டது. மீதி இரண்டு. டோர்குன் சதுப்பின் ஓரம் உட்கார்ந்திருந்தாள். வாக்கிடாக்கியில் கணவனின் தம்பி ஒட்லைஃப் கத்தினான்.

"அண்ணி, பெண் மான் ஒண்ணு உங்க பக்கம் வருது. தனியாத்தான் வருது."

"கன்னு இல்லியே? நல்லா பாத்தியா?"

"நாய் பின்னாடியே ஓடிட்டு வர்றேன். ஒண்ணுத்தையும் காணோம்."

கன்று இருந்தால் கன்றைத்தான் முதலில் சுட வேண்டும். தாயை முதலில் சுடுவது அந்தக் காட்டில் கேவலம். அதனால் பெண் மான் தனியாக வந்தால் நூறு எண்ணிவிட்டுத்தான் சுடுவது அந்தக் குழுவின் வழக்கம். டோர்குன் முப்பதுவரை எண்ணினாள். மான் காட்டுக்குள் திரும்பி ஓடப் பார்த்தது. சுட்டாள்.

மான் விழுந்த பிறகு பிர்ச் மரங்களுக்கு நடுவிலிருந்து கன்று வந்தது. அவள் வாய்விட்டுத் திட்டினாள், தன்னையே. கன்றுக்கு அனுமதி இருந்தது. அதையும் சுட்டாள். பிறகு வயிற்றைச் சுத்தம் செய்து தராசில் தொங்கவிட்டார்கள், கன்று அறுபத்து மூன்று கிலோ.

ஆனால் அது விழுந்த கையோடு இரண்டாவது கன்று வந்தது. தாயின் வயிற்றோரம் போய் முகர்ந்தது.

ஒட்லைஃப் மூச்சிரைக்க வந்து சேர்ந்தான். "சுடுங்க அண்ணி. பனி விழுந்தா இது தாங்காது. தாயில்லாம தீனி தேடத் தெரியாது."

"சீட்டுல மூணுதான்டா இருக்கு. மூணும் முடிஞ்சுது."

"யாருக்குத் தெரியப்போகுது? நம்ம ஃப்ரீசர் வாயத் தொறந்து சொல்லுமா?"

"ஹால்ஃப்டான எழுதிக் குடுக்க வெச்சவ நான். எனக்கு மட்டும் வேற சட்டமா?"

"உங்க சட்டத்த அந்தக் கன்னுகிட்டப் போய்ப் படிச்சுக் காட்டுங்க."

அவள் அங்கிருந்தே அடிபட்ட விலங்குகளுக்கான அவசர எண்ணைக் கூப்பிட்டாள்.

"காயம் பட்டிருக்கா?" என்றான் எடுத்தவன்.

"இல்ல."

"கார் ஏதாவது மோதிச்சா?"

"இல்லப்பா. தாய நான் சுட்டுட்டேன்."

"அப்ப எங்க வேலை இல்லீங்க. திங்கக்கிழமை ஊராட்சி ஆபீஸ்ல மனு குடுங்க."

கார் மோதியிருந்தால் ஒரு மணி நேரத்தில் ஆள் வந்திருப்பார்கள். பசியில் சாகப்போகும் கன்றுக்கு விண்ணப்பப் படிவம்.

இன்னொரு கன்றைச் சுட அனுமதி கேட்டுத் திங்கள்கிழமை மனு கொடுத்தாள். நூறு எண்ணவில்லை என்பதையும் எழுதினாள். அதிகாரி விடுப்பில் இருந்தார். தினமும் விடியற்காலை பால் எடுக்கப் போகும் வழியில் சதுப்போரம் லாரியை நிறுத்தினாள். கன்று தாய் விழுந்த இடத்திலேயே நின்றது. ஐந்து நாள் நின்றது. அவள் துப்பாக்கி எடுத்துப் போகவில்லை. எடுத்துப் போனால் சுட்டுவிடுவோம் என்று அவளுக்குத் தெரியும். ஆறாம் நாள் பனி விழுந்தது. கன்று இல்லை.

பத்தொன்பதாம் நாள் அனுமதி வந்தது. ஒரு கன்று, ஒன்பது நாளுக்குள். டோர்குன் லீவு போட்டு ஒன்பது நாளும் நடந்தாள். ஒட்லைஃப் கூப்பிடாமலே கூட வந்தான். நாயும் வந்தது. ஒரு குளம்புத் தடம்கூடக் கிடைக்கவில்லை. கடைசி நாள் ரொட்டியைப் பிட்டுக் கொடுத்தபடி அவன் சொன்னான்: "நான்தான் கன்னு இல்லன்னு சொன்னேன், அண்ணி."

"எண்ணாதது நான்தானேடா. தின்னு."

ஜனவரியில் போன் வந்தது. அதே அவசர எண்காரன். "உங்க காட்டோரத் தண்டவாளத்துல கன்னு ஒண்ணு ரயில்ல அடிபட்டுக் கிடக்கு. பனிவண்டியோட வர முடியுமா?"

நாற்பது நிமிஷத்தில் அவசர எண் ஆட்கள் வந்திருந்தார்கள். இப்போது அது அவர்கள் வேலை. டோர்குன் கன்றைப் புரட்டிப் பார்த்தாள். விலா எலும்பை விரல் வைத்து எண்ணலாம். அது அந்தக் கன்றுதானா என்று சொல்ல யாராலும் முடியாது. அவள் யாரையும் கேட்கவும் இல்லை. வயிற்றைச் சுத்தம் செய்து, அதே தராசில் தொங்கவிட்டு, படிவத்தில் எடை என்ற கட்டத்தைத் தானே நிரப்பினாள்.

நாற்பத்தொரு கிலோ.