பூஜை அறைக்கு ஒரு ரூட்டர்

மார்கழி பிறக்க ஒரு நாளே இருந்தது. டாலிகஞ்சில் உள்ள எங்கள் வீட்டின் பூஜை அறைக்கு வைஃபை எட்டவில்லை. நிலநடுக்கத்துக்கு அஞ்சி நான் எழுப்பிய கனத்த சுவர்கள் முன்கூடத்து ரூட்டரின் அலையை உள்ளே விடவில்லை.

எங்கள் தீவுகளின் வடகோடியில், திக்லிபூரில், என் நண்பர் இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் இருந்தார். நாங்கள் ஒரே அலுவலகத்தில் பணியாற்றிய காலந்தொட்டு, மார்கழி விடியலில் எங்கள் வீட்டுப் பெருமாள்முன் அமர்ந்து, நான் ஒரு பாசுரமும் அவர் ஒரு பாசுரமுமாகச் சேவிப்பது வழக்கம். ஓய்வு பெற்று வடக்கே போனபின்னும் அந்த மாதத்திற்குப் பேருந்தேறி வந்துவிடுவார். இவ்வாண்டு அதற்கு வழியில்லை.

"பாசுரம் எனக்கே தெரியும் ஓய். உம்ம பெருமாளைக் காட்டும், போதும்" என்றார் தொலைபேசியில்.

மகன் மெயின்லேண்டுக்குப் போகையில் விட்டுச்சென்ற பழைய ரூட்டரை என் மனைவி தேடி எடுத்தாள். கூடத்து ரூட்டரிலிருந்து சுவரோரமாக நீண்ட கம்பியை இழுத்துவந்து நான் அதில் செருகினேன். அவ்வளவுதான், கூடத்தில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்ததும் நின்றுபோயிற்று.

"இருந்ததும் போச்சா? பஹுத் அச்சா!" என்றவள், தன் செல்பேசியில் எதையோ தேடிப் படித்தாள். "ரெண்டுக்கும் ஒரே முகவரிங்க. வீட்ல இருக்கிற போனுக்கெல்லாம் நம்பர் கொடுக்கிறது நான்தான்னு ரெண்டும் மல்லுக்கு நிக்குது. ஒண்ணு கொடுக்கணும், இன்னொண்ணு கேட்டுக்கணும்."

"எது கேட்டுக்கொள்ள வேண்டும்?"

"பின்னால வந்ததுதான். ரூட்டரைச் சொல்றேன். மனுஷங்கள்ல யாரு கேட்டுக்கணும்னு இந்த வீட்ல எப்பவோ முடிவாயிடுச்சு."

கம்பியைக் கழற்றிப் பழைய ரூட்டருக்கு வேறு முகவரி கொடுத்தாள். எண் வழங்கும் வேலையிலிருந்து அதை விடுவித்தாள். வாழ்நாளெல்லாம் சரணாகதியைப் பயின்றவன் நான். அந்த ரூட்டருக்கோ ஒரே தொடுதலில் அது வாய்த்துவிட்டது. எனக்குச் சற்றே பொறாமைதான்.

மீண்டும் கம்பியைச் செருகினோம். கூடத்திலும் உள்ளேயும் அலை வந்தது. ரூட்டரைப் பெருமாளுக்கு மேலிருந்த தட்டில் வைக்கப் போனவளைத் தடுத்தேன்.

"அவர் கோவிச்சுக்க மாட்டாரு. நீங்கதான் கோவிச்சுக்குவீங்க" என்று திருவடிக்குக் கீழே ஒரு மணைமேல் வைத்தாள்.

மறுநாள் விடியலில் விளக்கேற்றி, செல்பேசியைப் பெருமாளுக்கு எதிரே சாய்த்து நிறுத்தினேன். திரையில், தலையணையில் சாய்ந்தபடி நண்பர். நெற்றியில் கோணலாக ஒரு திருமண். முதற்பாசுரத்தைச் சேவித்து முடித்துக் காத்திருந்தேன். அடுத்தது அவர் முறை. ஒலி வரவில்லை; முகமும் அசையவில்லை. மனைவி பதறிக் குனிந்து ரூட்டரைப் பார்த்தாள். பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

"ஓய், கேட்கிறதா?" என்றேன்.

"கேக்குது, கேக்குது. ஜல்தி என்ன உமக்கு?" என்றது கரகரத்த குரல். "இன்னும் பாத்துக்கிட்டிருக்கேன்."