மங்கையற்கரசிக்கு வந்த சோதனைக் காசு

மங்கையற்கரசிக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. இருபத்திரண்டு வருடமாக மிளகாயும் அரிசியும் அரைக்கும் தன் மில்லுக்குள் நின்று, மெசினுக்கு மேலால் பேசிப் பேசித் தொண்டை அப்படிப் பழகிவிட்டது. வீட்டில் புருஷனிடம் உப்புப் போத்தலைக் கேட்டாலும், வாவிக்கு அக்கரையில் நிற்கும் ஆளைக் கூப்பிடுவது போலத்தான் இருக்கும். ஆகவே அவளுடைய தொலைபேசிப் பேச்செல்லாம் பழுகாமம் என்ற அந்த ஊருக்கே பொதுச் சொத்து. சுவிசில் இருக்கும் தம்பி நல்லரத்தினத்துக்குத் தடிமல் பிடித்தால், மிளகாய் அரைக்க வந்தவர்கள் வழியாக அந்தச் செய்தி அன்று பின்னேரமே பக்கத்து ஊர்ப் பெரியபோரதீவைத் தாண்டிவிடும்.

நல்லரத்தினம் பேர்ன் நகரத்துக்குப் போய் இருபத்தேழு வருடம். சமையல் வேலை. காசு விஷயத்தில் அவன் பயந்த ஆள் இல்லை, கவனமான ஆள்; அப்படித்தான் அவனே சொல்லிக்கொள்வான். முன்னொரு காலத்தில் கணக்கிலக்கத்தில் ஒரு எண்ணை மாற்றிப் போட்டு ஐந்நூறு பிராங் அனுப்பிவிட்டான். அந்தக் காசு எங்கெங்கோ நாலு மாதம் சுற்றி, வழியில் நின்ற வங்கிகளுக்கெல்லாம் கொஞ்சம் கொஞ்சம் கொடுத்து, இளைத்துப் போய்த் திரும்பி வந்தது. அன்றிலிருந்து எந்த நாட்டுக்கு யாருக்குக் காசு அனுப்புவதென்றாலும், முதலில் அக்காவுக்குப் பத்துப் பிராங் அனுப்பிப் பார்ப்பான். அவனுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே கணக்கிலக்கம் அக்காவுடையது. "பாதை திறந்திருக்கா எண்டு பாக்கிறன்" என்பது அவன் நியாயம். கனடாவுக்குப் போகிற பாதையைப் பழுகாமத்துக்கு அனுப்பி எப்படிப் பார்ப்பது என்று அவன் மனைவி கேட்டாள். அதற்குள் அவன் பத்துப் பிராங்கை அனுப்பிவிட்டிருந்தான்.

அனுப்பும்போது செய்தி எழுதும் கட்டத்தில் ஆங்கிலத்தில் ஒரு சொல் போடுவான்: டெஸ்ட்.

பத்துப் பிராங் அங்கே புறப்படும்போது மூவாயிரத்து அறுநூறு ரூபாய். நடுவிலுள்ள வங்கி தன் பங்கைக் கிள்ளியெடுத்த பிறகு களுவாஞ்சிகுடி வங்கியில் வந்து விழும்போது ஆயிரத்துச் சொச்சம்தான் மிஞ்சும். போனில் செய்தி வரும். மங்கையற்கரசிக்கு ஆங்கிலம் தெரியாது. புருஷன் சாமித்தம்பிதான் எழுத்துக் கூட்டி வாசிப்பார். முதல் தடவை வந்தபோது அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நிதானமாக வாசித்தார்.

"டெஸ்ட் எண்டு போட்டிருக்கான் புள்ள."

"டெஸ்டா? என்ன டெஸ்ட்?"

சாமித்தம்பிக்குத் தெரிந்த டெஸ்ட் இரண்டு. ஒன்று கிரிக்கெட். மற்றது, மாதாமாதம் ஆஸ்பத்திரியில் அவருக்கே எடுக்கும் சீனி டெஸ்ட். கிரிக்கெட்டுக்கு அக்காவுக்கு யாரும் காசு அனுப்பமாட்டார்கள் என்று அவர் கொஞ்ச நேரம் யோசித்து முடிவு கட்டினார்.

"ரத்த டெஸ்டுதான். எடுக்கப் போறத்துக்கு முன்னுக்குக் கோயிலுக்கு அனுப்பியிருக்கான் போல. வாயால சொல்லப் பயந்திட்டான்."

மங்கையற்கரசி அந்தக் காசுக்குத் தேங்காயும் பழமும் வாங்கிக்கொண்டு மண்டூர் முருகனிடம் போனாள். மூன்று வருடத்தில் பதினேழு டெஸ்ட் வந்தது. பதினேழு தடவையும் போனாள். தம்பியாகச் சொல்லாததைத் தானாகக் கேட்கக் கூடாது என்று வைராக்கியமாக இருந்தாள். ஆனாலும் போனில் பேசும்போது வாய் சும்மா இருக்காது.

"சாப்பாடெல்லாம் கவனமா தம்பி? சீனியைக் குறைச்சிட்டியா?"

"ஓம் அக்கா" என்பான் நல்லரத்தினம். வயது போகப் போக அக்காவுக்குப் பாசம் கூடிவிட்டது என்று நினைத்துக்கொள்வான்.

இப்படியாக நல்லரத்தினத்துக்குக் கடும் வருத்தம், தீராத நோய் என்பது வாவியின் மேற்குக் கரையான படுவான்கரை முழுக்கத் தெரிந்துவிட்டது, நல்லரத்தினத்தைத் தவிர. இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு கலியாணத்துக்கு அவன் வந்தபோது எந்த வீட்டுக்குப் போனாலும் சீனி போடாத தேத்தண்ணிதான் கொடுத்தார்கள். நம்முடைய ஊர்ச் சனம் உடம்பைப் பற்றி எவ்வளவு முன்னேறிவிட்டது என்று பேர்னுக்குத் திரும்பிப் போய் மனைவியிடம் மெச்சினான்.

இந்த வருடம் ஆனி மாதத்தில் நல்லரத்தினத்துக்கு ஒரு காணி பொருந்தி வந்தது. வெல்லாவெளி வட்டையில், அந்த ஊர் வயல்வெளியில், இரண்டரை ஏக்கர். சொந்தக்காரர் உதயரூபன் மட்டக்களப்பு நகரத்தில் கடை போடுவதற்காக விற்கிறார். விலை நாற்பத்துநாலு லட்சம் என்று வட்ஸ்அப்பிலேயே பேசி முடித்தார்கள். அக்காவிடம் மூச்சு விடவில்லை. அக்காவுக்குச் சொன்னால் ஊருக்குச் சொன்னது போல. ஊருக்குத் தெரிந்தால் விலை ஏறும். காணி உறுதிப் பத்திரம் எழுதிய பிறகு சொல்லலாம் என்று வைத்துக்கொண்டான்.

ஒரு செவ்வாய்க்கிழமை வழக்கம்போலப் பத்துப் பிராங் டெஸ்ட் போட்டான், பதினேழாவது. அது போய்ச் சேர்ந்தது. அடுத்த நாள் பெரிய காசை அனுப்ப உட்கார்ந்தான். உதயரூபனின் கணக்கைப் பதியப் போனால், போனில் காசு அனுப்பும் செயலி இருபத்தொரு எழுத்தில் ஒரு நீளமான இலக்கம் கேட்டது. இலங்கையில் அப்படியொரு இலக்கமே இல்லை. வேறு கட்டத்தைத் திறந்து, வங்கியின் குறியைப் போட்டு, கிளையைப் போட்டு, ஒரு மணித்தியாலம் போராடி ஒருவழியாகப் பதிந்து முடித்தான். களைப்பில் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, பட்டியலில் மேலே இருந்த பேரைத் தட்டினான். பன்னிரண்டாயிரம் பிராங். செய்திக் கட்டத்தில், இது சோதனை இல்லை, முழுக்காசு என்று விளங்கட்டும் என்று 'பைனல்' என எழுதினான். நிச்சயம்தானா என்று போன் கேட்டது. நிச்சயம் என்று அமத்தினான்.

பட்டியலில் மேலே இருந்த பேர், கடைசியாகக் காசு போன பேர். அது மங்கையற்கரசி.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மில்லில் கஜானியின் மிளகாய் அரைபட்டுக்கொண்டிருந்தது. கஜானி பக்கத்து வளவுக்காரி. போன் சத்தம் போட்டது. சாமித்தம்பி வாசித்தார். பிறகு வாசலில் வெளிச்சத்துக்குப் போய் நின்று, விரல் வைத்து இலக்கங்களை எண்ணி, திரும்பவும் வாசித்தார்.

"புள்ள, மெசினை நிப்பாட்டு."

"என்ன, டெஸ்டா?"

"நாப்பத்திநாலு லட்சம். டெஸ்ட் எண்டு இல்ல." அவர் போனை அவளுக்கு நேரே நீட்டினார். "பைனல் எண்டு போட்டிருக்கான்."

மங்கையற்கரசி மிளகாய்ச் சாக்கின் மேல் அப்படியே குந்திவிட்டாள். தேடிச் சேர்த்ததையெல்லாம் ஒருவன் கூடப்பிறந்தவளுக்கு அனுப்பிவைத்தால் அதற்கு வேறென்ன அர்த்தம்? வீடியோவில் கூப்பிட்டாள். மூன்று தடவை அடித்து ஓய்ந்தது. நாலாவது தடவை நல்லரத்தினம் வந்தான். தலையில் வெள்ளைத் தொப்பி, தாடைக்குக் கீழே முகக்கவசம். பின்னால் நீளமான வெள்ளை நடைபாதையில் யாரோ ஒரு தாதி வெறுங்கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனாள்.

"ராசா! ஆஸ்பத்திரியிலயா நிக்கிறாய்?"

"ஓம் அக்கா" என்றான் அவன் வெட்கத்தோடு. உணவகத்து வேலையை விட்டு ஆஸ்பத்திரிக் குசினிக்குச் சமையல்காரனாக மாறியதை அவன் ஊருக்குச் சொல்லியிருக்கவில்லை. "ஆறு மாசமா இஞ்சதான்."

"ஆறு மாசமாவா!"

போன் அவள் கையிலிருந்து நழுவி அரைத்த மிளகாய்த்தூள் குவியலுக்குள் விழுந்தது. செந்தூள் எழும்பியது. கஜானி போனை எடுத்துச் சேலைத் தலைப்பால் துடைக்கப் போக, தும்மல் தொடங்கியது. மங்கையற்கரசி தும்மினாள், அழுதாள், இரண்டையும் சேர்த்துச் செய்தாள். பேர்னிலிருந்து பார்த்தவனுக்குத் திரை முழுக்கச் சிவப்பும், மூக்கை உறிஞ்சுகிற சத்தமும், பெண்கள் இருவரின் ஓலமும்தான்.

"அக்கா! ஏனக்கா அழுறீங்க? அத்தானுக்கு என்ன நடந்த?"

கண்ணைக் கசக்கிக்கொண்டு சாமித்தம்பிதான் போனை வாங்கினார். "எனக்கொண்டும் இல்ல மச்சான். டெஸ்ட்டுல என்ன சொன்னவங்க? மறைக்காமச் சொல்லு."

"என்ன டெஸ்ட், அத்தான்?"

"பதினேழு தரம் எடுத்தியே, அதுதான்."

நல்லரத்தினத்துக்கு அது விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. அது காசு போகுதா என்று பார்க்கிற டெஸ்ட், எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, இது நான் வேலை செய்கிற இடம் என்று அவன் மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது. கஜானி தும்மலை அடக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப நீ சாகல்ல" என்றாள் மங்கையற்கரசி. அவள் அப்படி மெதுவாகப் பேசி சாமித்தம்பி கேட்டதே இல்லை.

"இல்லக்கா. ஒரு வார்த்தை என்னட்டக் கேட்டிருக்கலாமே?"

"வருத்தக்காரனிட்டப் போய் வருத்தத்தைக் கேக்கிறதா?" மூக்கைச் சீறித் துடைத்துக்கொண்டாள். பிறகுதான் அவளுக்கு மற்றது நினைவு வந்தது. "மறுகா இந்த நாப்பத்திநாலு லட்சம் என்னத்துக்கு?"

"என்ன நாப்பத்திநாலு..." என்று தொடங்கியவன் நிறுத்தினான். அவன் முகத்தில் ரத்தம் வற்றுவது மிளகாய்த்தூளுக்குள்ளாலும் தெரிந்தது.

அதற்குப் பிறகு மறைத்துப் பயனில்லை. காணியையும் உதயரூபனையும் விலையையும் சொன்னான். காசை உடனே உதயரூபனின் கணக்குக்கு மாற்றிவிடும்படி கெஞ்சினான், காசு கொடுக்க இன்றைக்குத்தான் கடைசி நாள் என்றான்.

"வயலை ஆரு பாத்த?" என்றாள் அக்கா.

"வீடியோ அனுப்பினவர்."

"வீடியோவில தண்ணி நிக்குமா ஓடுமா எண்டு தெரியுமா? வையி போனை."

புருஷனும் பெண்சாதியும் மோட்டார் சைக்கிளில் வெல்லாவெளிக்குப் போனார்கள். நல்லரத்தினம் போனில் சொல்லியிருந்தபடி உதயரூபன் வரம்பில் காத்திருந்தார். சாந்தமான மனுஷன், காசு வருமென்று புதுச் சேட் போட்டிருந்தார். சாமித்தம்பி செருப்பைக் கழற்றிவிட்டு வயலைச் சுற்றி அரை மணித்தியாலம் நடந்தார். வாய்க்கால் எங்கே முடிகிறதென்று பார்த்தார், கிழக்கு மூலையில் மண்ணைக் கிள்ளிப் பார்த்தார், திரும்பி வந்து மனைவியின் காதுக்குள் ஏதோ சொன்னார். அவர் காதுக்குள் சொன்னதை அவள் வட்டைக்கே சொன்னாள்.

"வாய்க்கால் தண்ணி கடைசி அரை ஏக்கருக்கு வாறதில்லயாம்! மாரி வேளாண்மை மட்டும்தான் செய்யலாமாம்! அதுக்கும் இதே விலையா?"

"மெதுவாப் பேசுங்க அக்கா" என்றார் உதயரூபன். பக்கத்து வயல்களில் நின்றவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். "எல்லாருக்கும் கேக்குது."

"நான் மெதுவாத்தானே பேசுறன்!"

அது பொய்யில்லை. அவளைப் பொறுத்தவரை அது மெதுவாகத்தான். அடுத்த வாரம் இதே காணியைப் பார்க்க இன்னொருவர் வருவதாக இருந்தது. அவருடைய மச்சான்தான் பக்கத்து வயலில் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். உதயரூபன் அவரையும் பார்த்தார், மங்கையற்கரசியையும் பார்த்தார். நாற்பத்தொன்றுக்கு இறங்கினார்.

திங்கட்கிழமை களுவாஞ்சிகுடி வங்கியில் வதனி என்ற உத்தியோகத்தர் காசை உதயரூபனின் கணக்குக்கு மாற்றிக் கொடுத்தாள். மிச்சம் மூன்று லட்சம். தம்பியின் காசு தம்பிக்குப் போக வேண்டும் என்று மங்கையற்கரசி கவுண்டரில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"உள்ளுக்கு வாறது லேசு அம்மா" என்றாள் வதனி. "வெளிய அனுப்புறதெண்டா இந்தப் படிவம், இந்தக் கடிதம், என்ன காரணம் எண்டு ஆதாரம், எல்லாம் வேணும். இரிங்க, ஒவ்வொண்டாச் சொல்றன்."

வதனி ஒவ்வொன்றாகச் சொன்னாள். பாதியிலேயே மங்கையற்கரசி எழும்பிவிட்டாள். அன்று பின்னேரம் தம்பியோடு பெரிய சண்டை. அவன் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றான். மில் வைத்திருக்கிறவளுக்குப் பிச்சை போடுகிறாயா என்று இவள் பாய்ந்தாள். விலையைக் குறைத்தது நீங்கள்தானே என்று அவன் சொன்னபோது கொஞ்சம் தணிந்தாள். கடைசியில் அந்த மூன்று லட்சம் உழவுக்கும் விதைப்புக்கும் பசளைக்கும் என்று ஒத்துக்கொண்டார்கள். வயலைச் செய்வது சாமித்தம்பி. அவரிடம் யாரும் கேட்கவில்லை. ஆனாலும் அவர் அடுத்த நாளே ஒரு மண்வெட்டிக்குப் புதுப்பிடி போட்டார்.

உறுதி நல்லரத்தினத்தின் பேரில் முடிந்தது. அந்தத் தெம்பில் அவன், தான் சின்ன வயதில் தின்ற பெரிய சிவப்பு நெல்லைத்தான் விதைக்க வேண்டும் என்று பேர்னிலிருந்து உத்தரவு போட்டான். அதற்கு நாலரை மாதம் தண்ணி வேண்டும், அந்த வாய்க்காலை நம்பி விதைத்தால் வைக்கோல்தான் மிஞ்சும் என்றார் சாமித்தம்பி. இரண்டு வாரம் போனில் இழுபறி நடந்தது. அத்தான் சொல்வதையும் யோசிக்கிறேன் என்று நல்லரத்தினம் பெருந்தன்மையோடு சொன்னபோது, மூன்று மாத நெல் விதைத்துப் பத்து நாளாகியிருந்தது. பயிர் முழங்காலளவு வளர்ந்த பிறகுதான் அவனுக்குச் சொன்னார்கள்.